எங்கள் தெருவின் அறிஞர் அஸீஸ்

சென்ற வருடம் வரலாற்றுப் பாடத்துக்கு எங்களுக்கு ஒரு செயற்றிட்டம் தரப்பட்டது. சொந்த ஊரில் பிறந்து புகழ்பெற்று மறைந்த ஒருவரின் வாழ்க்கையை எழுதிவர வேண்டும். மற்றப் பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருக்க, நான் உடனேயே அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் என்று பெயரைக் கொடுத்துவிட்டேன். ஆர்வத்தால் அல்ல, சோம்பலால்தான். தரம் ஏழிலிருந்தே பேச்சுப் போட்டிகளுக்கு அவரைப் பற்றிப் பாடமாக்கியிருந்தேன். 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி வண்ணார்பண்ணையில் பிறந்தார், 1973 நவம்பர் 24ஆம் திகதி இறையடி சேர்ந்தார். இடையில் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம், கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபர், செனட்டர். இரண்டு இரவில் எழுதி முடித்துக் கொடுத்தேன்.

ஆசிரியை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். கொழும்பில் இருக்கும் ஒரு பிள்ளை எழுதினாலும் இதே கட்டுரைதான் வரும், இதில் உங்களுடைய தெரு எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் கேட்டது சரிதான்.

எங்கள் தெருவைப் பற்றிய தாள்களைத் தேடுவது லேசான வேலையல்ல. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு பழைய பத்திரிகைகளும் ஏடுகளும் போயின. ஒன்பது வருடம் கழித்து, 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போக வேண்டுமென்று ஆயுதம் ஏந்தியவர்கள் ஒலிபெருக்கியில் கட்டளையிட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிக்காஹ் பதிவு, உறுதி, பிறப்புச் சான்றிதழ், படம் எல்லாம் வீடுகளிலேயே கிடந்துவிட்டன. நான் பிறந்ததே புத்தளத்தில். போர் முடிந்து சில வருடங்களின் பின்னர்தான் எங்கள் குடும்பம் திரும்பி வந்தது. ஆகவே எங்கள் தெரு என்று நான் சொல்வதுகூட உம்மா சொல்லக் கேட்டுப் பழகிய சொல்தான்.

உம்மாவிடம்தான் முறையிட்டேன். உம்மா எங்கள் பகுதி மாதர் சங்கத்தின் பொருளாளர். வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு சனசமூக நிலையத்தில் அவர்கள் கூடுவார்கள். சேமிப்புப் பணம் கட்டுவது, சுழற்சிக் கடன் கொடுப்பது, தையல் இயந்திரம் யாருக்கு என்று பேசுவது இவைதான் அங்கே நடப்பவை என்று நான் நினைத்திருந்தேன். உம்மா என்னையும் கொப்பியையும் அழைத்துக்கொண்டு போய் அங்கே உட்கார வைத்தார். நான் எழுதிய கட்டுரையை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். ஒரு பந்தி முடிவதற்குள் குறுக்கிடத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஐந்து வெள்ளிக்கிழமை போனேன். நான் இப்போது எழுதுவது அங்கே கேட்டவற்றையும் அஸீஸ் அவர்களைப் பற்றி நூல்களில் படித்தவற்றையும் சேர்த்துத்தான்.

அஸீஸ் அவர்களின் தந்தையார் எஸ்.எம். அபூபக்கர். ஊரிலே மதிப்பும் பொது வாழ்வில் ஈடுபாடும் உடையவர். அந்தக் காலத்துச் சோனகத் தெரு எப்படி இருந்தது என்பதைச் சங்கத்துப் பெண்கள், தங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் சொன்னபடி சொன்னார்கள். தையற்கடைகள், இரும்புக்கடைகள், இறைச்சிக் கடைகள், ஊருக்கு ஊர் சாமான் கொண்டுபோகும் வண்டிகள். கடைக்கு வாரிசு வேண்டும் என்பதால் ஆண் பிள்ளைகள் கணக்குப் பார்க்கத் தெரிந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிடுவார்கள். பெண் பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் வரைக்கும் குர்ஆன் மதரஸாவுக்குப் போவார்கள், அவ்வளவுதான். அஸீஸ் அவர்களும் வண்ணார்பண்ணையில் குர்ஆன் ஓதி, முஸ்லிம் கலவன் பாடசாலையில் எழுத்துப் படித்துத்தான் தொடங்கினார். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. 1921இல் வைத்தீசுவர வித்தியாலயத்தில் சேர்ந்தார். 1923இலிருந்து 1929 வரை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தார்.

பேச்சுப் போட்டிகளில் இந்த இடத்தை நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவேன். கிழக்குப் பக்கமாக நடந்தால் அந்தப் பள்ளிக்கூடங்கள் தூரமே இல்லை. ஆனால் தொப்பி போட்ட ஒரு சிறுவன் சிவன் கோவிலுக்குப் பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் போவதும், தேவாரம் பாடும் மண்டபத்துக்கு வெளியே தன் மார்க்கத்தோடு நிற்பதும், உள்ளே தமிழையும் ஆங்கிலத்தையும் வரலாற்றையும் வகுப்பில் முன்னணியில் நின்று படிப்பதும் சின்ன விடயமல்ல என்று சங்கத் தலைவி சொன்னார். புத்தளத்தில் வேறொரு ஊரின் பள்ளிக்கூடத்தில், பின்னேர வகுப்பில், அகதிப் பிள்ளை என்ற பெயரோடு படித்தவர் அவர். பிறர் பள்ளிக்கூடத்தில் படிப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அஸீஸ் அவர்கள் பிற்காலத்தில் தமிழை இவ்வளவு உரிமையோடு தன் மொழி என்று எழுதியதற்கும், எந்தச் சமயத்தாரோடும் கூச்சமில்லாமல் பழகியதற்கும் அந்த எட்டு வருடங்கள்தான் அடித்தளம் என்று நானும் நினைக்கிறேன்.

பிறகு கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி. வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்து 1933இல் பட்டம் பெற்றார். அரசாங்கப் புலமைப்பரிசிலில் 1934இல் கேம்பிரிட்ஜ் போனார். சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி வந்ததும் படிப்பை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் நியமனம் கிடைத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம் ஓர் இலங்கையருக்கு இல்லை. அந்த நியமனம் கிடைத்த நாளில் எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் இனிப்புக் கிண்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். என் முதற் கட்டுரை இந்த இடத்தில்தான் உச்சத்துக்குப் போயிருந்தது. சங்கத்தில் இருந்த பெண்களுக்கு இது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது கல்முனைக்கு வந்தபோதுதான்.

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். இலங்கை அந்தக் காலத்தில் பெரும்பாலும் பர்மா அரிசியைத்தான் சாப்பிட்டது. கப்பல் நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. கிழக்கில் நெல் விளைவித்தால்தான் நாடு சாப்பிடலாம் என்ற நிலை. அந்த ஏப்ரலில் கல்முனையில் அவசர காலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டு, அதற்கு உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. காடு வெட்டி வயலாக்கும் வேலையில் இறங்கினார். காணி இல்லாத முஸ்லிம், தமிழ் விவசாயிகளுக்குக் காணி கிடைக்கச் செய்தார். அந்தப் பக்கத்தில் ஒரு வயற்கண்டத்துக்கு அஸீஸ் துரைக் கண்டம் என்றே மக்கள் பெயர் வைத்தார்கள்.

கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள், முகாமில் நிவாரண அட்டையோடு பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர்கள் இருந்த கூட்டம் அது. அரிசி நின்றுபோன நாட்டில் ஓர் அதிகாரி மேசையில் இருந்து கையெழுத்து வைக்காமல் வயலுக்குள் இறங்கினார் என்பதை அவர்கள் திரும்பவும் வாசிக்கச் சொன்னார்கள். கண்டம் என்ற சொல்லை ஒருவர் இன்னொருவருக்கு விளக்கினார். நிவாரணம் கொடுத்தவர்களைத்தான் கண்டோம், காணி கொடுத்தவரைக் காணவில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். நான் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

கல்முனையில் அஸீஸ் வேறொன்றையும் கண்டார். கெட்டிக்காரப் பிள்ளைகள் வயலிலும் கடற்கரையிலும் நின்றார்கள். படிக்க வைக்கப் பணமில்லை, படித்தால் என்ன கிடைக்கும் என்று சொல்லிக்கொடுக்க ஆளுமில்லை. சுவாமி விபுலானந்தரோடும் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது இந்தக் காலத்தில்தான். அங்கே ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். கல்முனையை விட்டு மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகள் அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். வசதியுள்ளவர்களிடம் பணம் சேர்த்து, வசதியில்லாத மாணவருக்கு உயர்கல்விக்கு உதவும் நிதி அது. அந்த நிதியால் பட்டதாரிகளானவர்கள் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் இருந்தார்கள்.

இந்தப் பந்தியை வாசித்து முடித்ததும் மண்டபம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு உம்மா, எனக்குச் சொல்லாத ஒரு கதையைச் சொன்னார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் பெண்கள் பிடியரிசி சேர்த்தார்களாம். உலையில் போட எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி திரும்பவும் பானைக்குள் போகும். வாரம் ஒருமுறை எல்லா வீட்டு அரிசியையும் கூட்டி விற்பார்கள். அந்தக் காசில் முகாமில் உயர்தரம் படித்த பிள்ளைகளுக்குப் பஸ் காசும் பரீட்சைக் கட்டணமும் கொடுத்தார்கள். அப்படிப் படித்த ஒருவர் இன்று ஆசிரியை. பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னதால் எழுதவில்லை. அறிஞர் அஸீஸ் தொடங்கிய நிதியைப் பற்றி அந்த நேரம் அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் தங்களுக்குத் துணிவு இன்னும் கூடியிருக்கும் என்று உம்மா சொன்னார். நிதியின் பெயர், தொடங்கிய வருடம் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பிடியரிசி தெரியாது. நான் அந்த அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை.

1948இல் அஸீஸ் அவர்கள் சிவில் சேவையை விட்டு விலகி ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். இன்று ஒரு மாவட்டச் செயலாளர் பதவியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் வீட்டிலுள்ளவர்கள் என்ன சொல்வார்கள்? ரி.பி. ஜாயா அவர்கள் கட்டி வளர்த்த இடம் அது. அதற்கு முன்னரே சித்தி லெவ்வை, வாப்பிச்சி மரைக்கார், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த ஒறாபி பாஷா ஆகியோரின் முயற்சியில் 1892இல் தொடங்கியது. அஸீஸ் அங்கே 1961 வரை இருந்தார். முஸ்லிம் பிள்ளைகளோடு தமிழ், சிங்களப் பிள்ளைகளும் படித்தார்கள். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவருடைய காலத்து ஸாஹிறா மாணவர். இந்துக் கல்லூரியில் ஒரு முஸ்லிம் சிறுவன் பெற்றதை, கரவெட்டியிலிருந்து போன ஒரு பிள்ளைக்கு ஸாஹிறாவில் அவர் திருப்பிக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவையைத் தோற்றுவித்தார். ஊருக்கு ஊர் இருந்த இளைஞர் சங்கங்கள் ஒன்றாகின. சங்கத்தில் இதை வாசித்தபோது ஒருவர் சிரித்துக்கொண்டே, வாலிபர் சங்கம் சரி, எங்களை எந்தச் சங்கத்தில் சேர்த்தார் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. பெரியாரைப் பற்றி எழுதும்போது இப்படிக் கேட்கலாமா என்று உம்மாவிடம் பிறகு கேட்டேன். கேட்கத்தான் வேண்டும், அவர் வரலாறு படித்தவர், கோபிக்க மாட்டார் என்றார்.

1952இல் செனட் சபை உறுப்பினரானார். 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபோது அதை எதிர்த்தார், தான் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியையும் விட்டு விலகினார். முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. 1963இல் செனட்டிலிருந்து விலகி அரசாங்க சேவை ஆணைக்குழு உறுப்பினரானார். அதே வருடம் வெளிவந்த அவருடைய இலங்கையில் இஸ்லாம் என்ற நூலுக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. எகிப்துப் பயணத்தைப் பற்றி மிஸ்ரின் வசியம் எழுதினார். வேறு பயண நூல்களும் உண்டு. பதவிகளை விவரிக்கப் போனால் பக்கம் போதாது, அவற்றை என் பழைய பேச்சுகளில் கேட்டிருப்பீர்கள்.

அவர் எழுதியவற்றுள் என்னை நிறுத்தியது அறபுத் தமிழைப் பற்றியது. தமிழை அறபு எழுத்தில் எழுதும் முறை அது. அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குச் சில எழுத்துகளின் மேலும் கீழும் கூடுதலாகப் புள்ளியிட்டுக்கொள்வார்கள். அதை நம் முன்னோரின் பெருஞ்செல்வம் என்று அவர் அன்போடு எழுதினார். பரீட்சைக்கு இரண்டு வரி என்று நினைத்து நான் அதை வாசித்துக்கொண்டு போக, பின்வரிசையில் இருந்த உம்மும்மா எழுந்து வீட்டுக்குப் போனார். கால் நோகிறதாக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சேலைத் துண்டில் சுற்றிய கிதாபோடு திரும்பி வந்தார்.

அது உம்மும்மாவின் தாயாருடையது. அவர் அஸீஸ் அவர்களைவிடச் சில வயது இளையவர், அதே தெருவில் வளர்ந்தவர். பெரியபிள்ளையானதும் மதரஸாவை விட்டு நிறுத்தப்பட்டார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, ஆகவே அரசாங்கக் கடதாசிகளில் கடைசி வரைக்கும் கைநாட்டுத்தான் வைத்தார். ஆனால் அந்தக் கிதாபை அவர் தினமும் வாசித்தார். தொழுகையின் சட்டங்கள், நபிமார் வரலாறு, மாலைகள் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மஃரிபுக்குப் பின் வாசித்துக் காட்டினார். மௌலூது ஓதவும், நூலில் உள்ளதைச் சொல்லிக்கொடுக்கவும் பெண்கள் கூடிய அந்த முற்றங்கள்தான் எங்கள் தெருவின் முதல் மாதர் சங்கங்கள். அவற்றுக்குத் தலைவியும் இல்லை, அறிக்கைப் புத்தகமும் இல்லை. நாங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று கணக்கில் எழுதிக்கொண்ட பெண்கள், வேறோர் எழுத்தில் தமிழை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

1990இல் வீட்டை விட்டு இறங்கியபோது உம்மும்மா அந்தக் கிதாபைக் கைக்குழந்தையின் துணிகளோடு சுற்றி எடுத்தாராம். வழியில் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். நகை போனது. கிதாபைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓதும் புத்தகம் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் எழுதப்பட்ட தாள் எதுவும் மிஞ்சவில்லை என்று முதற் கட்டுரையில் எழுதியிருந்தேன். அது எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருந்திருக்கிறது.

அஸீஸ் அவர்கள் மறைந்து ஏழு வருடத்தின் பின், 1980இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது. பிறந்த ஊர் தன் பிள்ளையை மறக்கவில்லை. அதற்குப் பத்து வருடத்தின் பின் அந்த ஊரில் ஒரு முஸ்லிம்கூட இருக்கவில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதும்போது என் கை நின்றுவிட்டது. ஆசிரியையிடம் கேட்டேன், இரண்டையும் எழுதலாமா என்று. இரண்டும் நடந்ததுதானே என்றார். அவர் தமிழர். பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை.

செயற்றிட்டத்துக்கு நல்ல புள்ளி கிடைத்தது. கொப்பியைத் திருப்பித் தந்ததும் மாதர் சங்கம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. சேமிப்புக் கணக்குக்கு ஒரு கொப்பி, தெருவின் கதைக்கு ஒரு கொப்பி என்று முடிவாகி, எழுதும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். உம்மும்மா எனக்கு அறபுத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தருகிறார். இதுவரை மூன்று பக்கம் வந்திருக்கிறேன். புள்ளி வைத்த எழுத்துகளில் இன்னும் தடுமாறுகிறேன்.

அஸீஸ் அவர்கள் பிறந்த வீடு எது என்பதில் மட்டும் சங்கத்தில் உடன்பாடு இல்லை. மூன்று பேர் மூன்று இடத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றில் இப்போது வேலிகூட இல்லை, கிணறு மட்டும் இருக்கிறது. சோனகத் தெருவின் வீடுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாகச் சொல்லக்கூடிய ஒரு மூதாட்டி இன்னும் புத்தளத்தில்தான் இருக்கிறாராம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மகனோடு இங்கே வருகிறார். அவருக்காகக் கொப்பியில் நான்கு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.